தக்கைப் பக்கம் தொடங்கும் கயிறு

அக்கா,

இன்று காலை பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். மேசையிலிருந்து என் டைப்ரைட்டரை ஒரே மூச்சில் தூக்கினார். அடியில் விரித்திருந்த கம்பளித் துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கயிறு நழுவி என் காலடியில் விழுந்தது. ஒரு முனையில் தக்கை, மறுமுனையில் ஈயக்குண்டு, நடுவே ஒரு முழத்துக்கு முடிச்சு முடிச்சாக. எடுத்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கடல் வாசனை அடித்தது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். மக்கிப்போன கம்பளி வாசனைதான் வந்தது. என் மூக்குதான் கேட்கவில்லை. சனிக்கிழமைக் காலை ரயிலில் வந்து இறங்கும் உன் கூடையை அது தேடிப் போய்விட்டது.

"இதையும் போட்டுக்கவாம்மா? ஈயம் இருக்குது" என்றார் அவர்.

"கைய எடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் டைப்ரைட்டரையே மறுபடி மேசையில் வைத்துவிட்டார். எண்பதைத் தாண்டியும் என் வாய் அப்படியேதான் இருக்கிறது.

சிதம்பரத்தில் என் மாமா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு நீ முதன்முதலில் படியேறி வந்த நாள் நினைவிருக்கிறதா? அறுபதுகளின் நடுப்பகுதி. நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். தட்டச்சில் இரண்டு பரீட்சை தேறிய திமிரோடு அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீ துறைமுகப் பக்கம், முதுநகருக்குக் கிழக்கே கடலோரத் தெருவிலிருந்து ரயிலில் மீன் கொண்டுவந்து எங்கள் வீதியில் விற்பவள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாய்.

"ஏம்மா டீச்சரு, இந்த மிசினு நாம பேசுறதையெல்லாம் எழுதுமா?"

"நான் தட்டினால் எழுதும்" என்றேன்.

"அப்ப தட்டு. நான் பேசுறேன்."

அன்று நீ பேசியது ஒரு மனு. உங்கள் தெருவுக்குக் குழாய் இல்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். உன் அண்ணன் மனைவி நிறைமாதத்தில் அந்தப் பாதையில் குடத்தோடு விழுந்து, பிள்ளை தங்கவில்லை. அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கவே இல்லை. என் விரல்தான் இரண்டு இடத்தில் தடுமாறியது.

மனு போனது. பதில் வரவில்லை. வேறொருத்தியாக இருந்தால் இன்னொரு மனு எழுதச் சொல்லியிருப்பாள். நீ உங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்துக்கே போய் உட்கார்ந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் மன்றமோ அதன் குழுவோ ஏதாவது ஒன்று கூடும். பார்வையாளர் பெஞ்சில் யாரும் உட்காரலாம் என்பது சட்டம். யாரும் உட்காரமாட்டார்கள் என்பது வழக்கம். நீ உட்கார்ந்தாய். மறுநாள் என்னிடம் வந்து கொதித்தாய்.

"தெருவுல வந்து எல்லாரும் 'ஒங்களுக்காவத்தான் பேசுனேன்'றானுவ. அங்க போயி பாத்தா பாதிப் பேரு கையே தூக்கல. வாய பாத்து ஏமாந்துட்டோம் டீச்சரு. இனிமே கையத்தான் பாக்கணும்."

அப்படித்தான் நம் தாள் பிறந்தது. 'நகர்மன்றத்தில் இந்த வாரம்' என்று தலைப்பு. எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தச் சாக்கடை தூர் வாரப்படும், மீன் மார்க்கெட்டுக்குக் கூரை உண்டா இல்லையா, ஒவ்வொன்றுக்கும் யார் கை தூக்கினார், யார் தூக்கவில்லை, யார் வரவே இல்லை. கருத்து ஒரு வரி கிடையாது. திட்டு கிடையாது. நான் ஒருமுறை ஒரு உறுப்பினரைப் பற்றி 'கும்பகர்ணன்' என்று சேர்த்துவிட்டு உனக்குப் படித்துக் காட்டியபோது, "அத எடு. தூங்குனாருன்னு மட்டும் போடு, போதும்" என்றாய்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் உன் கயிற்றில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நீ வலைக்கயிறு முடிவதைப் பார்த்து, 'பாவம், பொழுது போகாமல் வேலை செய்கிறாள்' என்று மன்றமே நினைத்துக்கொண்டிருந்தது. தலைவருக்கு வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து வரிசையாக ஆளுக்கொரு இடம். கை தூக்கினால் ஒற்றை முடிச்சு. எதிர்த்தால் இரட்டை முடிச்சு. ஆளே வராவிட்டால் வெறும் கயிறு. ஒரு விஷயத்துக்கு ஒரு கயிறு. சனிக்கிழமை வந்து, மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டே நீ சொல்வாய். நான் ஸ்டென்சிலில் தட்டுவேன். மத்தியானம் இன்ஸ்டிடியூட்டுக்கு அரை நாள் விடுமுறை. நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் மிஷினின் கைப்பிடியை நீ சுற்ற, தாள் ஒவ்வொன்றாக விழும். மீன் விற்றுத் தீர்ந்த கூடையில் வாழையிலை போட்டு, அதன் மேல் தாளை அடுக்கி, மறுபடி ரயிலேறுவாய். சாயங்காலத்துக்குள் மீன் மார்க்கெட்டிலும் டீக்கடைகளிலும் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரிலும் ஒட்டிவிடுவாய். தாளைப் படித்தவன் கை மீன் நாறும். படிக்கவில்லை என்று மறுப்பவர்களின் கையை முகர்ந்து பார்த்தே ஊரில் கேலி செய்தார்கள்.

அடியில் ஒரு வரி போட வேண்டியிருந்தது. "எம் பேரு வேணாம். மீன்காரி சொன்னான்னா எவன் படிப்பான்? ஒம் பேரப் போடு" என்றாய். 'செய்தி திரட்டித் தட்டச்சு செய்தவர்' என்று என் பெயரைப் போட்டேன். ஒருமுறைகூட மறுக்காமல் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

குழாய் விஷயம் ஒருவழியாக மன்றத்துக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நீ காய்ச்சலோடு போய் உட்கார்ந்தாய். சனிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. உன் நாத்தனாரிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்பினாய். அவள் மூச்சு வாங்க வந்து, "தண்ணி விசயம். சரிபாதி வந்துச்சாம். அடுத்த வெள்ளிக்கெழம மறுபடியும் கை தூக்கச் சொல்றாங்களாம். யாரு யாருன்னு கயித்துல இருக்குதாம், ஒனக்குத் தெரியுமாம்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு ஓடிவிட்டாள்.

எனக்குத் தெரியுமா? இத்தனை மாதமாக என் கண் எழுத்துக் கட்டையில் இருந்தது. உன் மடியில் இல்லை. எந்த முனையிலிருந்து நீ தொடங்குவாய் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் கேட்டு அனுப்புவதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கயிறு என்றால் எனக்குத் தெரிந்தது கிணற்றுக் கயிறு. அதில் வாளி கட்டுகிற கனமான முனைதானே முதல்? ஈயக்குண்டிலிருந்து எண்ணத் தொடங்கினேன். வலை பின்னுகிறவர்கள் தக்கைப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள் என்பது நெல் வயலில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு பேரும் தலைகீழானார்கள். கூட்டல் கழித்தல் மட்டும் சரியாக வந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை. நாத்தனாரின் கூடையில் தாள் முதுநகருக்குப் போய்ச் சுவரேறியது.

வரிசையின் முதல் நாற்காலி மரக்கடை முதலாளி. குழாய் முதலில் கடைத்தெருவுக்குத்தான் வரவேண்டும் என்று உங்கள் தெருவை எதிர்த்தவர். கடைசி நாற்காலி, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். உங்களுக்காக ஆரம்பத்திலிருந்து வாதாடிய ஒரே மனிதர். என் தாளில் மரக்கடைக்காரர் வள்ளலாகிவிட்டார், போஸ்ட்மாஸ்டர் துரோகியாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருப் பெண்கள் திரண்டு மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கையில் மாலை, ஆரத்தித் தட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன். அவர் ஒரு நிமிஷம் விழித்தாராம். பிறகு கழுத்தை நீட்டிவிட்டார். அதே பெண்கள் திரும்பி வரும் வழியில் போஸ்ட்மாஸ்டர் வாசலில் நின்று வாய்க்கு வந்ததை ஏசினார்கள். ஒருத்தி மீன் கழுவிய தண்ணீரை அவர் வாசல் கோலத்தில் கொட்டினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

திங்கட்கிழமை நீ வந்தாய். கூடை இல்லை. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, அல்லது கோபத்தில்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்ச?"

"குண்டுப் பக்கம்."

"அடிப்பாவி! வலைக்குத் தலை தக்கை இல்லியா?" தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "நல்லவனக் கெட்டவனாக்கிட்டியே டீச்சரு."

தப்பு எனக்குப் புரிந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. மாலை வாங்கினவர் வெட்கத்துக்காவது வெள்ளிக்கிழமை கை தூக்குவார். போஸ்ட்மாஸ்டர் எப்படியும் தூக்குவார். குழாய் வந்துவிடும். பேசாமல் இருந்துவிடலாம்" என்றேன். மனசாட்சியோடு சொல்கிறேன், குழாய்க்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டு பரீட்சை தேறிய என் பெயர் அந்தத் தாளின் அடியில் இருந்தது.

"எங்க தெருவுலயும் இதத்தான் சொல்றாளுவ. எம் புருசனும் இதத்தான் சொல்றாரு" என்றாய். "தண்ணி வேணும்தான். எனக்கு வேணாமா? எங்க அண்ணி வுழுந்த எடத்த தெனம் தாண்டிப் போறவ நானு. ஆனா இன்னிக்கி நமக்கு ஆவுதுன்னு பொய்ய ஒட்டி வச்சா, நாளைக்கி நெசத்த ஒட்டுனா எவன் நம்புவான்? செவுத்துல இருக்குறது நம்ம தாளு இல்ல டீச்சரு, நம்ம மூஞ்சி."

நான் ஸ்டென்சிலை மாட்டினேன். அடியில் சின்னதாக ஒரு வரி போடுகிறேன் என்றேன்.

"மேல போடு. தப்ப எந்த எழுத்துல போட்டியோ அதே எழுத்துல போடு."

'சென்ற வாரம் என்னால் நேர்ந்த தவறு' என்று தட்டத் தொடங்கினேன். படிக்கச் சொல்லிக் கேட்டாய். "என்னாலன்னு போடாத. எங்களாலன்னு போடு. கயித்த அனுப்புனவ நானு, எப்பிடிப் படிக்கறதுன்னு சொல்லி அனுப்பாதவளும் நானுதான்" என்றாய். அன்று எனக்கு வந்த அழுகையை மூக்கு சிந்துவதுபோல் மறைத்தேன். நீ பார்த்திருப்பாய்.

ஒட்டியதோடு விட்டாயா? புதன்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போனாய். அவர் மேசையில் நம் திருத்தம் கிடந்தது. முகம் கறுத்திருந்தது.

"வா, வா. மாலையப் போட்டு ஊரக் கூட்டி, மூணாம் நாளு இவன் எதிர்த்தவன்னு செவுத்துல ஒட்றீங்க. வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்லைங்க. நான்தான் கயிற்றைத் தலைகீழாகப் படித்துவிட்டேன்" என்றேன்.

"என்னா கயிறு?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை நாள் காத்த ரகசியம் போயிற்று என்று நினைத்தேன். நீ கொஞ்சமும் அசராமல் மடியிலிருந்து கயிற்றை எடுத்து அவர் மேசையில் நீட்டினாய். தக்கைக்கு அடுத்த முடிச்சில் விரலை வைத்தாய்.

"இது நீங்கங்க. ரெட்ட முடிச்சு. எதிர்த்தீங்க."

அவர் குனிந்து பார்த்தார். தன் முடிச்சைத் தானே தொட்டுப் பார்த்தார்.

"இத்தினி நாளா என்னையும் முடிஞ்சிகிட்டுதான் இருந்தியா?"

"ஆமாங்க. மீன் மார்க்கெட்டுக் கூரைக்கு ஒத்த முடிச்சு. பெரிய சாக்கடைக்கு ஒத்த முடிச்சு. அதெல்லாம் வூட்ல பத்திரமா இருக்குது. நீங்க செஞ்சத ஒண்ணும் தொலைக்கல."

அவர் முடிச்சிலிருந்து விரலை எடுத்தார். நீ கை கூப்பினாய். "அய்யா, தப்பு எங்க மேல. அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தோம். மாலையத் திருப்பிக் கேக்க வரல. மீனு சாப்ட்டது சாப்ட்டதாவே இருக்கட்டும். வெள்ளிக்கெழம நீங்க கை தூக்குனாலும் போடுவோம், தூக்காட்டியும் போடுவோம். இந்த வாட்டி சரியாப் போடுவோம்."

வெளியே வந்ததும், "ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாமே அக்கா" என்று முணுமுணுத்தேன். "கெஞ்சுனா அவரு கொடுத்ததா ஆயிடும். குழாயி அவரு அப்பன் வூட்டுச் சொத்தா?" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் உன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சு நிறைந்திருந்தது. உங்கள் தெருப் பெண்கள் வாசல்வரை நின்றார்கள். போஸ்ட்மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. விஷயத்தைப் படித்தார்கள். உங்கள் தெருவுக்குக் குழாய், சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம். உன் கையில் புதுக் கயிறு. போஸ்ட்மாஸ்டரின் மெலிந்த கை முதலில் எழுந்தது. ஒவ்வொன்றாக, போன வாரத்துக் கைகளெல்லாம் எழுந்தன. மறுபடி சரிபாதி. இன்னும் ஒரே ஒரு கை வேண்டும். முதல் நாற்காலி அசையவில்லை.

பிறகு அவர் கூரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கடைசியில் நேராக நம் பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கியது மட்டுமா? மன்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"போட்டுக்கம்மா. ஒத்த முடிச்சு!"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அத்தனை தலையும் உன் மடியைப் பார்த்துத் திரும்பியது. கயிறு. முடிச்சு. புரிந்த மாத்திரத்தில் சிலர் பொங்கிச் சிரித்தார்கள், சிலர் வெளிறினார்கள், தலைவர் மணியை அடி அடி என்று அடித்தார். வாசலில் பெண்கள் போட்ட கூச்சல் துறைமுகம்வரை கேட்டிருக்கும். நீ மட்டும் எதையும் கவனிக்காமல் அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாய். ஜெயித்தோம் அக்கா! ஒரே ஒரு முடிச்சில் ஜெயித்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குழாய் திறந்த அன்று முதல் குடம் உன்னுடையது என்று தெருவே ஒதுங்கி வழிவிட்டது. நீ குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப் பக்கம் நடந்தாய். நாங்கள் எல்லோரும் பின்னால் வந்தோம். போஸ்ட்மாஸ்டர் வாசலில் போய் நின்றாய்.

"அய்யா, அன்னிக்கி எங்க ஏச்சக் குடிச்சீங்க. இப்ப எங்க தண்ணியக் குடிங்க."

அவர் இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். தாடியெல்லாம் நனைந்தது. "உப்பே இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். கோலத்தில் மீன் தண்ணீர் கொட்டியவள் அன்று அவர் வாசலை அவளே கூட்டிக் கோலம் போட்டாள்.

இப்போது உங்கள் தெருவில் அந்தக் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நகராட்சிச் செய்தி வாராவாரம் போனில் வருகிறது. உன் பேத்திதான் அனுப்பி வைக்கிறாள். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று இருந்தால், "யார் யார் கை தூக்கினார்கள் என்று கேட்டுப் போடச் சொல்லடி" என்று திருப்பி அனுப்புவேன். போன மாதத்திலிருந்து பெயரோடு வருகிறது! கேட்டு வாங்கியிருக்கிறாள், உன் ரத்தம் அல்லவா.

சரி, பிறகு சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு செய்தி எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் பெயரைப் போட இனித் தடை ஏது? ஆனாலும் அடுத்த வாரத் தாளின் அடியிலும் என் பெயரே வந்தது. பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழக்கம் இல்லை அக்கா, ஆசை. ஒருநாள் நீ அந்தக் கடைசி வரியைத் தடவி, "இது என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாய். "தட்டினது யாரென்று" என்றேன். முழுப் பொய் இல்லை. பாதியைத்தான் முழுங்கினேன். தாள் நின்றுபோகும்வரை அந்த வரி அப்படியே இருந்தது. நீ கண்ணை மூடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வேறு எதற்கெல்லாமோ திறந்த வாய்.

இரும்புக்காரரைப் போகச் சொல்லிவிட்டேன். ஒரு வெள்ளைத் தாளை மிஷினில் மாட்டினேன். ரிப்பன் காய்ந்து கிடந்தது; ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. நாளைக் காலை ரயிலில் முதுநகர் போகிறேன். உங்கள் தெரு முனைச் சுவரில், ஊரார் பார்க்க, என் கையாலேயே ஒட்டுவேன். உன் பேத்தி உரக்கப் படிப்பாள்.

'தவறு திருத்தம். நகர்மன்றத்தில் இந்த வாரம் என்ற தாளில், செய்தி திரட்டியவர் என்று தட்டச்சு செய்தவரின் பெயர் தொடர்ந்து வந்தது. அது தவறு. செய்தி திரட்டியவர்' என்று அடித்து, அதற்குப் பக்கத்தில் உன் பெயரை அடித்திருக்கிறேன்.

அடியில் இல்லை அக்கா. மேலே. அதே எழுத்தில்.